கண்ணாடிப் பலகை

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மாணவர் இருவர் என் அறைக்கு வந்தபோது, எப்பொருள் பற்றி எழுதுவது என்று அவர்களையே கேட்டேன். "கணினியும் தமிழும் என்று எழுதுங்கள் அம்மா" என்றார்கள். அத்தலைப்பில் எழுதத் தகுதி உடையோர் நம் துறையிலேயே உளர். கணினியோடு எனக்கு ஏற்பட்ட முதல் பழக்கமோ பெருமையாக எடுத்துரைக்கத் தக்கது அன்று. ஒரு சிறு கருவியை நம்பிக் கெட்ட கதை அது. ஆயினும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மனத்தில் கிடக்கும் அதனை இம்மலரின் வழியே இறக்கி வைக்கலாம் என்று தோன்றியது.

2003ஆம் ஆண்டு நான் ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கீழக்கரைக் கடற்கரையில் நம் பெண்டிர் வழங்கும் சொற்களே என் ஆய்வுப் பொருள். அவ்வாண்டுக் கோடையில் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமா தம் பெட்டியிலிருந்து உள்ளங்கை அளவுள்ள கருவி ஒன்றை எடுத்தார்கள். பாம் எம்100 என்பது அதன் பெயர். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் 149 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. மாமா அதில் இரண்டாண்டுக் காலம் கடைக்கணக்கு எழுதியிருக்கிறார்கள். தம்பிக்கென்றே கொண்டு வந்தார்கள். அவனோ மாமாவின் மற்றொரு கையிலிருந்த நோக்கியா கைப்பேசியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இதில் பேச முடியாதா?" என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டு நகர்ந்து விட்டான். மாமா சிரித்துக்கொண்டே, "இந்தா மருமவளே, எழுத்து வேலை ஒனக்குத்தானே" என்று என் கையில் வைத்தார்கள். எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகளுக்குப் பொருள் வந்து சேரும் வழி பெரும்பாலும் இதுதான். குறைப்பட்டுக்கொள்ள ஒன்றுமில்லை.

இன்றைய மாணவச் செல்வங்கள் அக்கருவியைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. வண்ணம் இல்லாத, சாம்பல் பச்சை நிறத்திரை. நீளத்தில் 160 புள்ளி, அகலத்தில் 160 புள்ளி. நினைவகம் இரண்டு மெகாபைட்டு. இன்று நாம் ஒருவருக்கொருவர் அனுப்பும் ஒரு நிழற்படம்கூட அதில் அடங்காது. தட்டச்சுப் பலகை கிடையாது. பக்கவாட்டில் செருகிய ஒரு நெகிழிக் கோலை உருவி, திரைக்குக் கீழுள்ள சிறு கட்டத்தில் எழுதவேண்டும். பாம் என்பது ஆங்கிலத்தில் உள்ளங்கையையும் குறிக்கும், பனையையும் குறிக்கும். எழுத்தாணி பிடித்து ஓலையில் எழுதியவர்களின் வழிவந்த தமிழ் மாணவிக்கு இரண்டாம் பொருளே முதலில் தோன்றியது. அந்த மகிழ்ச்சி அன்று மாலை வரையில் நீடித்தது.

ஏனெனில் அக்கருவி நாம் எழுதுவதை வாசிக்காது. தான் வாசிக்கும்படி நம்மை எழுதச் சொல்லும். அதற்கென்று கிராஃபிட்டி என்னும் ஓர் எழுத்துமுறை. கோலை எடுக்காமல் ஒரே இழுப்பில் ஒவ்வோர் எழுத்தையும் முடிக்கவேண்டும். ஆங்கில முதலெழுத்தாகிய 'ஏ'வுக்கு நடுக்கோடு கூடாது. கூரை முகடு போல் ஏறி இறங்கினால் போதும். இடமிருந்து வலமாக ஒரு கோடு இழுத்தால் சொல்லிடைவெளி. வலமிருந்து இடமாக இழுத்தால் முன்னெழுத்து அழிந்துவிடும். கீழிருந்து மேலாக இழுத்தால் அடுத்து வருவது பெரிய எழுத்து. இரண்டு முறை புள்ளி வைத்தால்தான் ஒரு முற்றுப்புள்ளி. இவ்வளவையும் அச்சிட்ட ஓர் அட்டையை மாமா தந்தார்கள். பனையேட்டில் எழுதிய நம் முன்னோர் ஓலை கிழியும் என்று அஞ்சி மெய்யெழுத்தின் புள்ளியை விட்டார்கள் என்று வகுப்பில் படித்திருந்தேன். எழுதுகருவிக்கு எழுத்து வளைந்து கொடுப்பது புதிதன்று என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

தமிழ் அதில் இல்லை. மேசைக் கணிப்பொறியில் அதற்குள் தமிழ் நன்றாகவே நடமாடத் தொடங்கிவிட்டது. 1999இல் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடி விசைப்பலகைக்கு ஒரு தரமும் கண்டாயிற்று. என் கையிலிருந்த கருவிக்கு அதெல்லாம் தெரியாது. ஆகவே தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுத ஒரு முறை வகுத்துக்கொண்டேன். ஆங்கிலத்தின் சிறிய 'என்' எழுத்து றன்னகரத்துக்கு, பெரிய 'என்' டண்ணகரத்துக்கு. சிறிய 'எல்' லகரத்துக்கு, பெரிய 'எல்' ளகரத்துக்கு. கடைசி எழுத்தாகிய 'இசட்' நம் சிறப்பு ழகரத்துக்கு. 'கொண்டல்' என்று எழுதவேண்டுமானால் நடுவில் கோலை மேல்நோக்கி ஒருமுறை இழுக்கவேண்டும். மறந்தால் கொண்டல் கொன்டல் ஆகிவிடும்.

பெருந்தொல்லை தந்தது வகரம். அதற்குரிய ஆங்கில 'வி' எழுத்தின் வலக்கொம்பில் ஒரு சிறு கொக்கி போடவேண்டும். போடாவிட்டால் கருவி அதனை 'யு' என்று வாசித்துக்கொள்ளும். வாடைக்காற்று உஆடைக்காற்று ஆயிற்று. ககரத்துக்குரிய எழுத்தோ வலப்புறம் தொடங்கி ஒரு கண்ணி வளைந்து மீண்டும் வலப்புறமே முடியும். பார்ப்பதற்கு வால் விரித்த மீன். நான் திண்ணையில் அமர்ந்து ஒரு நாள் முழுவதும் அதையே இழுத்து இழுத்துப் பழகுவதைக் கண்ட உம்மும்மா, "என்ன புள்ள, காலையிலேந்து மீனாப் போட்டுக்கிட்டிருக்கே?" என்று கேட்டார்கள்.

ஏழெட்டு நாளில் கை படிந்துவிட்டது. காகிதத்தில் எழுதும்போதும் 'ஏ'வின் நடுக்கோடு விடுபடலாயிற்று. அந்த வெற்றியில் எனக்கு இருந்த செருக்கை இன்று நினைத்தாலும் நாணம் உண்டாகிறது.

உம்மும்மா என் ஆய்வுக்கு வாய்த்த பெருஞ்சுரங்கம். பாட்டனார் தோணியில் தண்டயலாக இருந்தவர்கள். கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் சரக்கு ஏற்றிப் போனவர்கள். அவர்களோடு தோணித் தொழிலும் எங்கள் குடும்பத்தை விட்டுப் போயிற்று. ஆனால் கடலின் சொற்கள் அடுக்களையில் தங்கிவிட்டன. கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கச்சான், தெற்கிலிருந்து சோழகம், வடக்கிலிருந்து வாடை. ஆண்கள் பாய் விரிப்பதற்கு அறிந்திருந்த இப்பெயர்களைப் பெண்கள் அடுப்புப் புகை எப்பக்கம் சாய்கிறது என்பதைக் கொண்டு அறிந்திருந்தார்கள். "கொண்டல் எறங்கிட்டா அடுப்பு மொகத்தைத் திருப்பணும், இல்லாட்டி ஆணத்துல பொகை நாறும்" என்பார்கள் உம்மும்மா. குழம்பை ஆணம் என்பதும், காலை உணவைப் பசியாறல் என்பதும், பலர் சூழ்ந்து உண்ணும் பெருந்தட்டைச் சகன் என்பதும் நம் ஊரார் அனைவரும் அறிந்தவையே. அவற்றுக்கு அப்பால், காற்றின் பெயரைக் கொண்டு மாவு உலர்த்துவதற்கும், கருவாடு திருப்புவதற்கும், வீட்டுக்காரர் எப்போது கரை சேர்வார் என்று நாள் எண்ணுவதற்கும் அவர்கள் கையாண்ட சொற்றொடர்கள் எந்த அகராதியிலும் ஏறாதவை. அவற்றைத் தேடுவதுதான் என் ஆய்வு.

ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டு சென்றபோது உம்மும்மா வாயைத் திறக்க மறுத்தார்கள். "என் சத்தத்தைப் புடிச்சு வைக்காதம்மா. நான் போன பொறவு அது மட்டும் கெடந்து பேசணுமா?" என்றார்கள். குறிப்பேட்டைக் கண்டாலும் பேச்சு தயங்கிவிடும். தாம் சொல்லும் ஒவ்வொன்றும் தேர்வுக்கு உரியதோ என்ற அச்சம். இந்தச் சிறு கருவியின் முன்னால் மட்டும் அவர்கள் தயங்கவில்லை. அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார்கள். "இதுவும் பலகைதானே?" என்றார்கள். சிறுமியாக ஓதப் போனபோது மரப்பலகையில் மை கொண்டு எழுதி, பாடம் வந்ததும் கழுவிவிட்டு அடுத்த பாடம் எழுதியவர்கள் அவர்கள். "கழுவுனா போயிருமா?" என்று கேட்டார்கள். போகாது என்று உறுதி கூறினேன்.

பலகை என்று அவர்கள் சொன்னது முற்றிலும் பொருந்தும் என்பதைப் பின்னாளில் ஒரு நூலில் படித்து வியந்தேன். இக்கருவியை ஆக்கிய ஜெஃப் ஆக்கின்ஸ் என்பவர், அது உருவாவதற்கு முன்பே அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாராம். உணவுக்குச்சி ஒன்றை எழுதுகோலாகப் பிடித்து, கூட்டங்களில் அக்கட்டையின்மேல் எழுதுவதுபோல் பாவனை செய்து பார்த்தாராம். 1996இல் வந்த முதல் பாம் பைலட்டு அந்த மரக்கட்டையின் பிள்ளை.

உம்மும்மா சொல்லச் சொல்ல நான் என் மீன்களையும் கூரைகளையும் இழுத்துக்கொண்டிருப்பேன். ஒரு குறிப்பில் ஏறக்குறைய நாலாயிரம் எழுத்துகள் கொள்ளும். நிரம்பியதும் வேறொன்று தொடங்கவேண்டும். ஒரு நாள் என் வேகம் போதாமல், "மெதுவாகச் சொல்லுங்கள்" என்று கெஞ்சினேன். "குடு, நானே எழுதுறேன்" என்று கோலை வாங்கிக்கொண்டார்கள்.

உம்மும்மாவுக்கு எழுதத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நம் தமிழ் எழுத்து அவர்களுக்கு வராது. அவர்கள் எழுதியது அரபுத் தமிழ். மொழி தமிழ், எழுத்து அரபு. அரபியில் இல்லாத நம் ஒலிகளுக்கு அங்குள்ள எழுத்தில் புள்ளி கூட்டியும், எகர ஒகரங்களுக்குத் தனிக்குறி இட்டும் ஆக்கிக்கொண்ட முறை. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் நூல்களும் கடிதங்களும் அதில் பெருகி வழங்கின. கொழும்பிலிருந்த பாட்டனாருக்கு உம்மும்மா கடிதம் எழுதியதும் அதில்தான். நானோ அவ்வெழுத்தைக் கற்கவில்லை. வீட்டில் இருப்பதுதானே, எப்போது வேண்டுமானாலும் கற்கலாம் என்று இருந்துவிட்டேன்.

அவர்கள் வலமிருந்து இடமாக முதற்கோட்டை இழுத்தார்கள். நான் எழுதியிருந்த சொல்லின் கடைசி எழுத்து மறைந்தது. மீண்டும் இழுத்தார்கள், மற்றோர் எழுத்து மறைந்தது. "எழுத எழுதத் தின்னுதே இது!" என்று கோலைக் கீழே வைத்துவிட்டார்கள். வலமிருந்து இடம் போகும் கோடு அக்கருவிக்கு அழிப்பு என்பதை முன்பே சொன்னேன் அல்லவா?

அன்றிரவு கருவியின் ஒவ்வொரு பகுதியாகத் திறந்து பார்த்தேன். அதுவரை நான் தொடாத நோட்பேடு என்ற ஒன்று இருந்தது. அதில் கட்டமும் இல்லை, எழுத்துமுறையும் இல்லை. திரையின்மேல் கோலால் எதை வரைந்தாலும் வரைந்தபடியே நிற்கும். மறுநாள் காலை அதைத் திறந்து நீட்டினேன். உம்மும்மா வலப்புற மேல்மூலையில் தொடங்கித் தம் பெயரை எழுதினார்கள். புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்தார்கள். எண்பதை எட்டிய அந்த நடுக்கம் கோட்டில் அப்படியே தெரிந்தது. ஒரு வாரம் முழுவதும் உச்சி சாயும் வேளையில் இரண்டு மூன்று பக்கம் எழுதித் தருவார்கள். பின்பு தாமே வாசித்துச் சொல்வார்கள். நான் அதைக் கேட்டு ஆங்கில எழுத்தில் பதிந்துகொள்வேன். அவர்கள் எழுதியதை நான் வாசிக்க இயலாது; நான் எழுதியதை அவர்கள் வாசிக்க இயலாது. அது எங்கள் இருவருக்கும் வேடிக்கையாகவே இருந்தது.

இனி நேர்ந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்கருவி விரலளவுள்ள இரண்டு பேட்டரிக் கட்டைகளால் இயங்கியது. அதனுள் உள்ள எழுத்தெல்லாம் அக்கட்டைகளில் உயிர் உள்ளவரைதான் நிற்கும். கட்டை மாற்றும்போதுகூட ஒரு நிமிடத்துக்குள் மாற்றிவிட வேண்டும் என்று மாமா எச்சரித்திருந்தார்கள். படி எடுத்து வைக்க வேண்டுமானால் கம்பி வழியே கணிப்பொறியோடு இணைக்கவேண்டும். எங்கள் வீட்டில் கணிப்பொறி இல்லை. கடைத்தெருவில் மணிக்கணக்கில் வாடகைக்குக் கணிப்பொறி விடும் ஒரு நிலையத்தில் கேட்டேன். வெளியாள் குறுந்தகட்டை உள்ளே போட இசையவில்லை. அவர் அச்சம் அவருக்கு. நானும் வற்புறுத்தவில்லை. அவ்வப்போது குறிப்பேட்டில் பெயர்த்து எழுதி வந்தேன். மூன்றில் ஒரு பங்கு எழுதியிருப்பேன். செப்டம்பரில் எழுத்துத் தேர்வு வந்தது. கட்டை குறைந்துவிட்டது என்று திரை இருமுறை எச்சரித்ததைப் பார்த்தும், வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று அலமாரியில் வைத்துவிட்டு விடுதிக்குச் சென்றேன். மூன்று வாரம் கழித்து வந்தேன்.

புதுக் கட்டை போட்டதும் திரை விழித்தது. நடுவில் ஒரு சிறு குறி தோன்றி, அதனைத் தொடும்படி கேட்டது. மாமா வீட்டுக்கு வந்த நாளில் கதையாகச் சொன்னார்களே, முதன்முதல் பெட்டியைப் பிரித்தபோது தமக்குக் காட்டிய திரை என்று, அதேதான். பின்பு இன்று என்ன தேதி என்று என்னையே கேட்டது. முந்நூற்றுக்கு மேற்பட்ட சொற்றொடர்களும் இல்லை. உம்மும்மாவின் கையெழுத்தில் இருந்த பத்தொன்பது பக்கங்களும் இல்லை.

உம்மும்மாவிடம் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. அவர்கள் சினக்கவில்லை. "பலகைன்னா கழுவத்தான் செய்வாங்க" என்றார்கள். சிறிது நேரம் கழித்து, "கட்டை போட மறந்துட்டியாக்கும்" என்று மட்டும் கேட்டார்கள். அவ்வாண்டு ரமலான் அக்டோபர் இறுதியில் தொடங்கியது. நோன்பு வைத்துக்கொண்டே மாலை வேளைகளில் மீண்டும் சொல்லத் தொடங்கினார்கள். ஆனால் இரண்டாம் முறை சொன்னவை முதல் முறை சொன்னவை அல்ல. "இதை வேறு மாதிரி சொன்னீர்களே" என்பேன். "அப்படியா சொன்னேன்?" என்று யோசிப்பார்கள். களப்பணியில் இரண்டாம் கூற்று முதற்கூற்றின் படி ஆகாது என்பதை நான் பாடநூலில் கற்கவில்லை. அந்த ரமலானில் கற்றேன். முதல் முறை அவர்கள் தம் கணவரின் தோணியை நினைத்துப் பேசினார்கள். இரண்டாம் முறை என் ஆய்வேட்டை நினைத்துப் பேசினார்கள்.

மீண்டும் எழுதித் தாருங்கள் என்று காகிதமும் பேனாவும் கொடுத்தேன். ஒரே ஒரு பக்கம்தான் எழுத முடிந்தது. ஐந்து வரிகள். முதல் நான்கும் நான்கு காற்றுகளின் பெயர். தொட்டுக்காட்டி வாசித்துச் சொன்னார்கள். ஐந்தாம் வரி என்ன என்று கேட்டதற்கு, "அது ஒனக்கு. நீ பொறவு படிச்சுக்க" என்று சிரித்தார்கள். 2004ஆம் ஆண்டு, என் வாய்மொழித் தேர்வுக்கு முன்பாகவே உம்மும்மா இறையடி சேர்ந்தார்கள். ஆய்வேடு ஏற்கப்பட்டது, பட்டமும் வந்தது. புறத்தேர்வாளர் சொற்பட்டியலைப் பாராட்டினார். அதில் எது முதற்கூற்று, எது இரண்டாம் கூற்று என்பதைக் குறித்திருக்கவேண்டும். குறிக்கவில்லை.

நான் அத்துணைப் பாடுபட்டுக் கற்ற கிராஃபிட்டியின் வரலாற்றையும் சொல்லவேண்டும். ஜெராக்ஸ் நிறுவனம் 1997இல் தொடுத்த காப்புரிமை வழக்கின் விளைவாக, அவ்வெழுத்துமுறையை அதன் உரிமையாளரே 2003 சனவரியில் கைவிட்டு வேறொன்றுக்கு மாறிவிட்டார்கள். நான் திண்ணையில் அமர்ந்து மீன் வரைந்து பழகியது அவ்வாண்டுக் கோடையில். பிறந்த ஊரிலேயே வழக்கொழிந்த எழுத்தை ஏழு நாளில் கற்றேன். பாம் நிறுவனத்தை 2010இல் எச்.பி. வாங்கிற்று, மறு ஆண்டே அவ்வழிவந்த கருவிகளை நிறுத்திவிட்டது. இன்று கிராஃபிட்டி எழுத்தில் என் பெயரை இமைப்பொழுதில் எழுதிக் காட்டுவேன். வாசிக்கத்தான் கருவி இல்லை.

அரபுத் தமிழை இன்றும் வாசிப்போர் ஊரில் உளர். மிகுதியான பேர் இல்லை. பெரும்பாலும் முதிய பெண்மணிகள். சென்ற ஆண்டு முதல் உம்மாவின் ஒன்றுவிட்ட சகோதரியான பெரியம்மாவிடம் வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் கற்று வருகிறேன். ஏழு நாளில் முடியவில்லை. நாற்பதைக் கடந்தவளின் கை இடப்புறம் போக மறுக்கிறது. உயிர்க்குறி இடாமல் எழுதிவிட்டால் எப்படிக் கூட்டுவது என்று தெரியாமல் நிற்கிறேன். பெரியம்மா ஓதும் பிள்ளையை அதட்டுவதுபோல் என்னை அதட்டுகிறார்கள். "நீதான் காலேசுல பாடம் நடத்துறியா?" என்றும் ஒருமுறை கேட்டுவிட்டார்கள்.

உம்மும்மாவின் பக்கத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். நான்கு காற்றுகளையும் என் வாயால் வாசித்தேன். ஐந்தாம் வரியின் முதற்சொல் என்னை வீட்டில் அழைக்கும் பெயர். இரண்டாம் சொல் 'கட்டை'. அது அடுப்புக் கட்டையா, பேட்டரிக் கட்டையா என்பது மூன்றாம் சொல்லைப் பொறுத்தது. அதன் முதலெழுத்தின் கீழே இருப்பது புள்ளியா, என் பேனா அன்று கசிந்த மையா என்று பெரியம்மாவுக்கும் விளங்கவில்லை. வரும் வெள்ளிக்கிழமை வரும்போது உருப்பெருக்காடி ஒன்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள்.